வளைகாப்புக்கு ஒரு பஜ்ஜி மாஸ்டர்

அத்தியாயம் 11

“ஒரு வருஷம் பொறுத்துக்க தமயந்தி. ஒரே ஒரு வருஷம். அப்புறம் நானே பண்ணைக்காட்டுக்குப் போயி, உங்கப்பாவைக் கூட்டிட்டு வந்து எங்க வீட்டு நடுக்கூடத்துல உக்கார வைக்கிறேன்.”

“அத்தைகிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?”

“ஒனக்கு யாருமில்லைன்னு சொல்லியிருக்கேன்.”

“யாருமில்லைன்னா?”

“யாருமில்லைன்னா யாருமில்லைதான். அம்மா, அப்பா ரெண்டு பேருமே...”

மிஷன் ஹாஸ்டலின் பின்கட்டில், இறக்கிவைத்த கேரட் மூட்டைகளுக்கு நடுவே நின்று, வேலுமணி சணல் கயிற்றில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். தமயந்தி மேற்கொண்டு கேட்கவில்லை. ஹாஸ்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கும் பெண்ணை, வில்பட்டியில் நாலு ஏக்கரில் பூண்டும் காலிபிளவரும் போடுகிற வீட்டுப் பையன் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். அந்தச் சந்தோஷத்தில், தன் அப்பாவைச் சாகடித்துவிட்டார்கள் என்பது உறைக்கவே அவளுக்கு ரெண்டு நாள் ஆயிற்று.

அந்தப் பேச்சு நடந்து ரெண்டே கால் வருஷம் ஓடிவிட்டது.

அவள் அப்பா பிச்சையா பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டத்தில் உயிரோடுதான் இருந்தார். இலங்கையில் தொரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். உங்கள் ஊருக்குப் போங்கள் என்று கப்பலேற்றியபோது, பத்து வயது மகளையும் நோயாளி மனைவியையும் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரத்தில் இறங்கியவர். மனைவி மண்டபம் முகாமைத் தாண்டவில்லை. மகளைத் தாண்ட வைத்தார். பத்தாவது வரை படிக்க வைத்தார். கடைசியில் அந்த மகளின் நல்வாழ்வுக்காக, “சரி, நான் செத்ததாவே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை, கோடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் அப்பாவும் மகளும் பார்த்துக்கொள்வார்கள். தமயந்திக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் மாமியார் அவளைத் தனியாக எங்கும் விடவில்லை. அதுவும் நின்றது.

இப்போது ஏழாம் மாதம். வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. ஏழு வகைச் சோறும் வளையலும் பெண்ணின் தாய்வீட்டிலிருந்து வரவேண்டும் அல்லவா? தாய்வீடு இல்லாத பெண்ணுக்கு என்ன செய்வது? மாமியார் வீரம்மாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் தம்பி காசிநாதனைத் தாய்வீடாக நிறுத்துவது. போன வாரம் அதைச் சொன்னபோது வேலுமணி வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லப்போகிறான் என்று தமயந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சரிம்மா” என்றான்.

அந்த ‘சரிம்மா’வுக்குப் பிறகு ஐந்து நாளாக அவள் அவனோடு பேசவில்லை.

வீரம்மாள் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். “மாசமா இருக்குறவளுக்கு வாய் கேக்கும்லே. வாய்க்கு ருசியா ஒண்ணும் வாங்கிக் குடுக்காம வீட்டுல அடைச்சு வச்சா, எவதான் பேசுவா? ஏலே வேலு, கெளம்புடா. இன்னிக்குப் பொருட்காட்சிக்குப் போறோம்.”

“இன்னிக்கு எனக்குச் சோலி கெடக்கும்மா.”

“சோலி எங்கயும் ஓடிப் போகாது. வெரசா சட்டையை மாட்டு.”

பொருட்காட்சி ஏரிக்கு மேலே உள்ள மைதானத்தில் நடந்தது. இந்த வருஷம் ராட்சத ராட்டினம் வந்திருந்தது. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன் வந்திருந்தான். மதுரை, திண்டுக்கல், கோயமுத்தூர் சனமெல்லாம் மங்கி குல்லாயும் மப்ளருமாக வந்து குவிந்திருந்தது. மதியம் மூன்று மணிக்கே மஞ்சு இறங்கி, ராட்டினத்தின் மேல்பாதி கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே போனவர்கள் கத்துவது மட்டும் கேட்டது.

உள்ளே நுழைந்ததும் வீரம்மாளின் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்தது.

முதலில் டெல்லி அப்பளம். முறம் அகலத்துக்கு இருந்தது. மிளகாய்ப் பொடி தூவி, ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீரம்மாள் கடித்தபோது, முகமே மறைந்துபோய் அப்பளம் நடந்து வருவது போல இருந்தது. அப்புறம் வெண்ணெய் தடவிய சோளக்கதிர். அப்புறம் ரோஸ் கலர் பஞ்சு மிட்டாய்.

“வாயில வச்சா காணாமப் போகுதேடி! காசு வாங்கிட்டுக் காத்தைக் குடுக்கான்!” என்றவள் இன்னொன்று வாங்கினாள்.

வெள்ளைக்காரப் பள்ளிக்கூடத்து ஆட்கள் ஒரு கடை போட்டிருந்தார்கள். நடுவில் ஓட்டை போட்ட இனிப்பு ரொட்டி சீனியில் புரண்டுகொண்டிருந்தது. “உளுந்த வடையை இனிப்பாச் சுட்டிருக்கான் பாரு” என்று அதிலும் ரெண்டு. கடைசியாக மெஷினிலிருந்து சுருள் சுருளாக இறங்கிய ஐஸ்கிரீம். அந்தக் குளிரில் அதை நக்கிவிட்டு, “ஆத்தாடி, பல்லு கூசுது, பல்லு கூசுது” என்று அலறிக்கொண்டே கோனின் அடிவரைக்கும் தின்றாள்.

“நீயும் தின்னு தாயீ. ஆத்தா அப்பன் இருந்தா இதெல்லாம் வாங்கிக் குடுத்திருக்க மாட்டாகளா? நான் இருக்கேன் ஒனக்கு.”

தமயந்திக்கு நெஞ்சில் எரிந்தது. இந்த மனுஷி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! ஐஸ்கிரீம் கையில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற புருஷனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“போதும்மா. மஞ்சு இறங்கிருச்சு. கடைசி பஸ்ஸுக்கு வெள்ளனே போயிரலாம்” என்றான் வேலுமணி.

“மணி மூணரைதான்டா ஆகுது. அந்தப் பக்கம் இன்னும் பாக்கவே இல்லையே.”

“அந்தப் பக்கம் ஒண்ணுமில்லை. வெறும் கூட்டம்.”

“கூட்டம் இருக்குன்னா ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?” வீரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “நம்ம காலிபிளவரைத் தெனமும் வாங்குற கடை இங்கதானே இருக்கு? நாம மூட்டை மூட்டையா வெளைய வச்சுக் குடுக்கோம். அதை அவன் என்னதான் பண்ணி விக்கான்னு பாக்க வேணாமா?”

“அதெல்லாம் எண்ணெய்ப் பலகாரம். மாசமா இருக்குறவளுக்கு ஆகாது.”

“ஏழு புள்ள பெத்தவ நானு. எனக்கே சொல்லித் தர்றியா? நட.”

வேலுமணியின் முகத்தைத் தமயந்தி அப்போதுதான் பார்த்தாள். குளிரிலும் அவன் மேலுதட்டில் வேர்த்திருந்தது.

ஆறாம் நம்பர் ஸ்டாலின் முன்னால் மூன்று வரிசைக்கு ஆள் நின்றது. ‘காலிபிளவர் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, சிலோன் சட்னி’ என்று பலகையில் சிவப்பு மையால் எழுதியிருந்தது. பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் நுரைத்துக்கொண்டிருந்தது. முழுப் பூவை நாலாகப் பிளந்து, மாவில் முக்கி, சட்டியின் ஓரமாக நழுவ விட்டுக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். காக்கி ஸ்வெட்டர். தலையில் துண்டு. இடது கையில் சுண்டுவிரல் பாதி இல்லை.

தமயந்தி அந்த விரலையே பார்த்தாள்.

அப்பா.

அவரும் பார்த்துவிட்டார். கரண்டி கையிலேயே நின்றது. அவர் கண்கள் மகளின் முகத்திலிருந்து மெதுவாக இறங்கி, அவள் வயிற்றில் வந்து நின்றன. ஏழு மாத வயிறு. அவர் முதன்முதலாகப் பார்க்கிறார். சட்டியில் ஒரு பஜ்ஜி கருகியது.

“மாஸ்டர்! தீயுது!” என்று கல்லாவிலிருந்து கடைக்காரர் ஆண்டிச்சாமி கத்தினார். அப்புறம் வேலுமணியைக் கண்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். “வாங்க வேலுமணி! குடும்பத்தோட வந்திருக்கீங்களா? காலையில பூ இறக்கிட்டு, மாஸ்டர்கூட உக்காந்து டீ குடிச்சிட்டுப் போனீகளே, சொல்லியிருந்தா எடம் போட்டு வச்சிருப்பேன்ல?”

தமயந்தி புருஷனைப் பார்த்தாள். நாலு நாளாகத் தினமும் காலையில் இந்தக் கடைக்குத்தான் பூ வருகிறது. நாலு நாளாக இவனுக்குத் தெரியும்.

வேலுமணி செருப்பு நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

நாலு பேர் உட்காரும் பெஞ்சில் இடம் கிடைத்தது. பஜ்ஜித் தட்டை மாஸ்டரே கொண்டுவந்து வைத்தார். பெரிய பெரிய பூக்கள், வெளியே மொறுமொறுவென்று, பிட்டால் ஆவி பறக்கிறது. பக்கத்தில் சிவக்கச் சிவக்க ஒரு சட்னி. வாழையிலைத் துண்டில் வைத்து, தமயந்தியின் பக்கமாக நகர்த்தினார்.

“சூடா இருக்கு. பார்த்துச் சாப்பிடுங்கம்மா” என்றார்.

சாப்பிடுங்கம்மா.

பெற்ற மகளுக்கு ‘ங்க’ போட்டார். யாரோ வாடிக்கைக்காரிக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். குரல் பிசகவே இல்லை. அவர் நன்றாகப் பழகி வைத்திருக்கிறார் என்று தோன்றியபோது தமயந்திக்கு அழுகை வரவில்லை. உள்ளங்கால் முதல் உச்சி வரை கோபம்தான் வந்தது. இவரை இப்படிப் பழக்கியது யார்?

வீரம்மாள் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தாள். சப்புக் கொட்டினாள். மறுபடி தொட்டாள்.

“ஏத்தா தமயந்தி, இது நீ அம்மியில அரைப்பியே, அந்தத் தொவையல் மாதிரியே இருக்கே?”

பிச்சையாவின் கை துண்டிலேயே நின்றது.

“மெளகாயும் வெங்காயமும் அரைச்சா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்” என்று வேலுமணி குறுக்கே விழுந்தான்.

“இல்லடா. இவளும் கடைசியில எலுமிச்சம்பழம் பிழிவா. நம்ம பக்கம் யாரு பிழியா? மாஸ்டர், ஒங்களுக்கு எந்த ஊரு?”

“பண்ணைக்காடு பக்கம்ங்க.”

“பொறந்ததே அங்கதானா?”

அவர் வேலுமணியை ஒரு பார்வை பார்த்தார். “அங்கதாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினார்.

பிறந்த ஊரையும் விட்டுக்கொடுத்துவிட்டார். தமயந்தி கையிலிருந்த பஜ்ஜியை இலையிலேயே வைத்தாள்.

வீரம்மாள் இன்னொரு தட்டு சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். தண்ணீர் டிரம் கடைக்குப் பின்னால் இருந்தது. அவள் தலை மறைந்ததும் தமயந்தி பேசினாள். ஐந்து நாளில் முதல் பேச்சு.

“நாலு நாளா தெரியும்.”

“கத்தாத. சனம் பாக்குது.”

“நான் கத்தலை. தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். தோட்டத்துல லீவு சொல்லிட்டு, பொருட்காட்சி முடியுற வரைக்கும் இங்க சமைக்க வந்திருக்காரு. சொன்னா நீ உடனே கெளம்பி வருவே. இந்த ஒடம்போட...”

“என் ஒடம்பு மேல அக்கறையா? எங்கப்பாகூட உக்காந்து டீ குடிச்சீங்களே, என்ன பேசுனீங்க?”

“நீ சௌக்கியமான்னு கேட்டாரு. சௌக்கியம்னேன்.”

“அவரை எப்படிக் கூப்பிட்டீங்க?”

வேலுமணி பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே இருந்தான்.

“மாஸ்டருன்னா?”

“கடையில எல்லாரும் அப்படித்தானே...”

“எல்லாரும் அவர் பொண்ணைக் கட்டிக்கிட்டாங்களா?”

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்மணி, பஜ்ஜியைப் பிடித்த கையோடு திரும்பிப் பார்த்தாள். வேலுமணி குரலைத் தாழ்த்தினான். “வெள்ளிக்கெழமை முடியட்டும் தமயந்தி. நல்ல காரியம். சொந்தக்காரன் அத்தனை பேரும் வரப்போறான். இப்பப் போயி எங்கம்மாகிட்ட, நான் பொய் சொன்னேன், அவ அப்பன் இருக்காரு, எஸ்டேட்டுக் கூலிக்காரருன்னு சொன்னா, என்ன ஆகும்னு யோசி.”

“நீங்க பொய்யர்னு தெரியும். அதுதானே ஆகும்?”

“ஒனக்கும்தான் கெட்ட பேரு. நீயும்தானே சும்மா இருந்தே?”

அது உண்மை. சுருக்கென்று தைத்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

“ஆமா, நானும்தான். ரெண்டே கால் வருஷமா தெனம் ஒருதரம் கேக்கணும்னு வாயைத் தெறப்பேன், மூடிக்குவேன். வயலுக்குப் போறப்போ கேக்கலாம், சாப்பிட்டு முடிச்சதும் கேக்கலாம்னு இருப்பேன். நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்துக்கிட்டு...”

“உங்கப்பாவே ஒத்துக்கிட்டாரு. ஒனக்கென்ன வந்துச்சு?”

“அவரு ஒத்துக்குவாரு. கப்பல்ல ஏறுன்னாங்க, ஏறுனாரு. இறங்குன்னாங்க, இறங்குனாரு. செத்துப்போன்னீங்க, சரின்னாரு. அவரு எதுக்குத்தான் மாட்டேன்னாரு?”

வீரம்மாள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி, ஏதோ புதையல் கண்டவள் போல முகமெல்லாம் சிரிப்பு. பெஞ்சுக்கு வராமல் நேரே அடுப்பின் முன்னால் போய் நின்றாள்.

“மாஸ்டர், ஒரு விஷயம். வர்ற வெள்ளிக்கெழமை எங்க வீட்டுல வளைகாப்பு. இந்தா உக்காந்திருக்காளே, எங்க மருமகளுக்குத்தான். நீங்க வந்து இந்தப் பூ பஜ்ஜியும் சட்னியும் போட்டுக் குடுக்கணும். இருநூறு பேருக்கு.”

“அம்மா!” என்று வேலுமணி எழுந்தான்.

“நீ சும்மா இருடா. காசிநாதன் கொண்டுவர்ற தக்காளிச் சோறும் புளிச் சோறும் யாருக்கு வேணும்? இதைப் போட்டா வில்பட்டி சனம் ஒரு வருஷத்துக்குப் பேசும். என்ன மாஸ்டர், வர்றீகளா?”

பிச்சையா கரண்டியை வைத்தார். துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்கத்தான் தமயந்தியால் முடியவில்லை.

“வர்றேம்மா. கட்டாயம் வர்றேன். எத்தனை மணிக்கு வளையல் போடுவீங்க?”

“பத்தரைக்கு.”

“நான் அஞ்சு மணிக்கே வந்துர்றேன். அடுப்பு எந்தப் பக்கம் வைப்பீங்க?”

“வீட்டுக்குப் பின்னால, மாட்டுக் கொட்டாய்ப் பக்கம். அங்கதான் பொகை போக எடம் இருக்கு. நீங்க பின்பக்கமாவே வந்துரலாம்.”

“அங்கேருந்து... வளையல் போடுறப்போ பாடுவாங்களே, அது கேக்குமாம்மா?”

வீரம்மாள் சிரித்தாள். “பாட்டுக் கேக்கவா வர்றீக, பஜ்ஜி போட வர்றீகளா?”

“இல்ல... சும்மா கேட்டேங்க.”

“கேக்கும், கேக்கும். பாவம், எங்க மருமகளுக்கு ஆத்தா அப்பன் கெடையாது. கப்பல்ல வந்த சனம். ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாக. நாங்கதான் எல்லாம். அதனால ஒரு கொறையும் இல்லாம செய்யணும்னு நெனைக்கேன். நீங்களும் ஒங்க பொண்ணுக்குச் செய்யுற மாதிரி நெனைச்சுச் செய்யுங்க.”

“செய்றேம்மா” என்றார் பிச்சையா. குனிந்து, எரிகிற அடுப்பை வெறுமனே ஊதினார்.

“ஏலே வேலு, என்ன மரம் மாதிரி நிக்கே? மாஸ்டருக்கு அச்சாரம் குடு.”

வேலுமணி அசையவில்லை.

“குடுடா! வேற எவனாவது கூப்பிட்டுருவான்.”

வேலுமணி சட்டைப் பைக்குள் கையை விட்டான். ஒரு இருபது ரூபாய் நோட்டு வெளியே வந்தது. அடுப்புக்கு இந்தப் பக்கம் மருமகன், அந்தப் பக்கம் மாமனார். நோட்டு நடுவில் நீண்டது. வேலுமணியின் கண் நோட்டிலேயே இருந்தது, மனுஷன் பக்கம் போகவில்லை.

மகளுக்குச் சங்கடம் வந்துவிடக்கூடாதே என்று, பிச்சையா இரண்டு கையையும் ஸ்வெட்டரில் துடைத்துவிட்டு அவசரமாக நீட்டினார்.

“வாங்காதீங்க!”

தமயந்தி எழுந்து நின்ற வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. தட்டு கீழே விழுந்து பஜ்ஜிகள் மண்ணில் உருண்டன. வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஆண்டிச்சாமி கல்லாவிலிருந்து தலையை நீட்டினார்.

“என்னத்தா? என்ன ஆச்சு? வயிறு வலிக்குதா?” வீரம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

“எனக்கு ஒண்ணுமில்லை அத்தை.”

“பின்ன என்னத்துக்கு இப்படி நடுங்குதே? மொதல்ல உக்காரு.”

“உக்கார மாட்டேன்.”

“வேண்டாம்மா... நீங்க உக்காருங்க...” என்றார் பிச்சையா, அடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

“நீங்க எனக்கு ‘ங்க’ போடாதீங்க!” அவள் சத்தம் ராட்டினத்துக் கூச்சலையும் மீறிக் கேட்டது. “போட்டது போதும்.”

வீரம்மாள் மருமகளைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். மறுபடியும் மருமகளைப் பார்த்தாள். அந்த நெற்றியையும் இந்த நெற்றியையும் ஒப்பிடுவது போலப் பார்த்தாள். மருமகளின் தோளைப் பிடித்திருந்த அவள் கை மெல்லக் கீழே இறங்கியது.

“தமயந்தி, வீட்டுக்குப் போயி பேசிக்கலாம். வா” என்று வேலுமணி அவள் முழங்கையைப் பிடித்தான். நோட்டு இன்னும் அவன் இன்னொரு கையில்தான் இருந்தது.

அவள் உதறவில்லை. அவன் கையோடு சேர்த்தே அவனை அடுப்பின் பக்கமாக இழுத்தாள். அப்பாவுக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் பஜ்ஜி கேட்கவில்லை.

ரெண்டே கால் வருஷமாக வாய்வரை வந்து திரும்பிப் போன வார்த்தை. இப்போது அதற்குத் திரும்பிப் போக இடமில்லை.

“வளைகாப்பு வேணாம். வளையல் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்” என்றாள். “இங்கயே, உங்கம்மா முன்னால, இத்தனை பேர் முன்னால, எங்கப்பா முகத்தைப் பார்த்து... மாமான்னு ஒருதரம் கூப்பிடுங்க.”